சிவப்பு விளக்கு மினுக்கினால் புது ரவுட்டர் வாங்கணுமா?

கேள்வி: கீழக்கரையில் எங்களுடையது பழைய வீடு. மகன் துபாயில் இருக்கிறான். இரவில் போட்டிம் செயலியில் முகம் பார்த்துப் பேசும்போது பாதியில் அறுந்துவிடுகிறது. சில நாள் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. லைன் கொடுத்த தம்பி, “ரவுட்டர் போயிடுச்சு, மூவாயிரம் கொடுங்க, புதுசு மாட்டித் தர்றேன்” என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மூவாயிரம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

முதலில் அந்தச் சிவப்பு விளக்குக்குக் கீழே எல்-ஓ-எஸ் என்று மூன்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தெருவிலிருந்து கண்ணாடி இழை வழியாக வர வேண்டிய ஒளி உங்கள் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். புதுப் பெட்டி மாட்டினாலும் பெரும்பாலும் அதே சிவப்புதான் எரியும். கம்பத்தில் வயரை இழுத்துக் கட்டிய கம்பி உப்புக் காற்றில் துருப்பிடித்து அறுந்து, வயர் தொங்கிக் காற்றில் ஆடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும். இதெல்லாம் லைன் கொடுத்தவர் ஏணி போட்டு ஏறிப் பார்க்க வேண்டிய வேலை. ஏணியை விடப் புது ரவுட்டரைத் தூக்கி வருவது சுலபம், லாபமும் உண்டு.

நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்றுதான். பெட்டிக்குப் பின்னால் பச்சைத் தலை வைத்த மெல்லிய வயர் ஜன்னல் கதவிலோ மேசைக் காலிலோ நெரிபட்டிருக்கிறதா, ஒடிகிற மாதிரி மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடங்கியிருந்தால் தளர்த்தி விடுங்கள். கழற்றி முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

சிவப்பு இல்லாத நாளிலும் பேச்சு அறுகிறதா? பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்து உள்ளறையில் மட்டும் கெட்டால், சுவர்தான் காரணம். பழைய வீட்டுத் தடித்த சுவரை வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டத் திணறும். போனில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறிப் பாருங்கள், பெட்டியையும் பீரோ மேலிருந்து இறக்கி நடு வீட்டில் வையுங்கள். பெட்டிக்குப் பக்கத்திலேயே அறுந்தால், அந்த நேரத்தில் யூடியூப் போட்டுப் பாருங்கள். அது தடையில்லாமல் ஓடினால் கோளாறு மகன் பக்கம் இருக்கலாம். இங்கே ஒன்பதரை என்றால் அங்கே எட்டு மணி. வேலை முடிந்து அறைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வைஃபையில் ஊருக்குப் பேசும் நேரம் அது. ஒரு நாள் மொபைல் டேட்டாவில் பேசச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

பெட்டிப் பக்கமே கோளாறு இருக்கும் சமயமும் உண்டு. அதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் புது ரவுட்டர் அதிகம் விற்பது இங்கேதான். எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து, மறுபடி ஒவ்வொன்றாக எரிந்து வந்தால், பெட்டி தானாகவே நின்று நின்று கிளம்புகிறது. கரண்ட் ஏறி இறங்கும் ஊரில் முதலில் சாவது அடாப்டர், ரவுட்டர் அல்ல. அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். அதில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்பது போல எழுதியிருக்கும். வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும். ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது. பெட்டியில் செருகும் முனை தளராமல் பொருந்த வேண்டும். கடைக்குப் போகும் முன், சுவிட்சை அணைத்துவிட்டு, அந்த முனையில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை வீடுகளில் அது சகஜம். உலர்ந்த துணியால் துடைத்தாலே சில சமயம் சரியாகிவிடும்.

அப்புறம், ரவுட்டருக்குப் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும். யார் சொன்னாலும் அதைக் குத்தாதீர்கள். சுவிட்சை அணைத்துப் போடுவது வேறு, இது வேறு. இதைக் குத்தினால் உள்ளே பதித்து வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்து போகலாம். பிறகு அதைத் திரும்பப் போட ஒருவர் வருவார், ‘சர்வீஸ் சார்ஜ்’ கேட்பார். போனிலேயே “குத்துங்க” என்று சொல்லிவிட்டு மறுநாள் காசு வாங்க வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

லைன் கோளாறை லைன்மேனிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லாமல், நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். ஆள் வருவதற்கு முன்பே ‘சரிசெய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், இங்கே நிர்வாகம் அப்படித்தான் நடக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிப் பயனில்லை, அது தனிப்பட்ட புகாரை விசாரிப்பதில்லை. அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு, அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு, 30 நாளுக்குள் எழுதுங்கள். கட்டணம் கிடையாது. அதுவும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உங்கள் பெட்டி நிறுவனம் கொடுத்ததா, நீங்கள் காசு கொடுத்து வாங்கியதா என்பதைப் பழைய ரசீதில் பாருங்கள். நிறுவனத்துடையது என்றால், கெட்டுப்போனாலும் மாற்றித் தரச் சொல்லி அவர்களைத்தான் கேட்க வேண்டும்.