விபத்தில் காயமடைந்த தொழிலாளியின் மறு அறுவை சிகிச்சைச் செலவுக்கு எப்படி உதவலாம்?

சாலை விபத்தில் தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி பொருத்தப்பட்ட உங்கள் சக தொழிலாளிக்கு எலும்பு கூடாததால் மறு அறுவை தேவைப்படுகிறது, அதற்கான பணத்துக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நிலையிலிருந்த ஒருவருக்காக நானும் அலைந்திருக்கிறேன்.

முதல் அறுவைக்குக் கேட்காமலே பணம் வந்தது. இரண்டாவது அறுவை என்றதும், "இன்னுமா சரியாகவில்லை?" என்றுதான் பலரும் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தொடை எலும்பு கூடுவதற்குப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும் என்பதும், 9 மாதங்கள் கடந்தும் கூடாமல், கடைசி 3 மாத எக்ஸ்ரே படங்களில் முன்னேற்றமும் இல்லையென்றால் அது இனித் தானாக ஒன்றுசேராது என்று மருத்துவர்கள் கருதுவதும், அப்போது கம்பியை மாற்றவோ இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து முறிவில் வைக்கவோ நேரும் என்பதும் வெளியாருக்கு எப்படித் தெரியும்? ஆகவே மருத்துவரிடம் எளிய மொழியில் ஒரு கடிதமும், கம்பி, மயக்க மருந்து, படுக்கை, பிசியோதெரபி ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டும் செலவு மதிப்பீடும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்கொடை கேட்கும் முன் இழப்பீட்டு வழியைப் பாருங்கள். வேலை நிமித்தமான பயணத்தில் நடந்த விபத்து என்றால் பல நாடுகளில் முதலாளிக்குப் பொறுப்பு உண்டு. மோதிய வண்டியின் காப்பீட்டில் இனி வரவிருக்கும் சிகிச்சைச் செலவையும் சேர்த்துக் கோர முடிகிற இடங்களும் உண்டு. நாங்கள் சறுக்கியது இங்கேதான். கையில் காசில்லாத நேரத்தில் கிடைத்த சிறு தொகைக்காக, இதுவே இறுதித் தீர்வு என்ற தாளில் எங்கள் நண்பர் கையெழுத்திட்டுவிட்டார். அதன்பின் மறு அறுவைக்கென்று எதையும் கேட்க முடியவில்லை. உங்கள் நண்பர் இன்னும் கையெழுத்திடவில்லையென்றால், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் அந்தத் தாளைக் காட்டட்டும். கோருவதற்குக் காலக்கெடுவும் இருக்கும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

திரட்டும் பணத்தை மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டிவிடுங்கள். கொடுத்தவர்களிடம் ரசீதைக் காட்டலாம். ஆனால் குடும்பச் செலவுக்கென ஒரு பகுதியைத் தனியே ஒதுக்காவிட்டால், ஊன்றுகோலோடு அவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். எங்கள் நண்பர் கிளம்பினார், நாங்கள்தான் தடுத்தோம்.

அவருடைய சம்மதமில்லாமல் படத்தையோ மருத்துவ அறிக்கையையோ யாருக்கும் அனுப்பாதீர்கள். எங்கள் நண்பர் நன்கொடை என்ற சொல்லையே விரும்பவில்லை. வட்டியில்லாக் கடன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அறுவைக்கு ஒப்புக்கொண்டார்.