எத்தனை பேர்தான் கேட்பார்கள்?

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அடுத்த மாதம் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை. அதற்குள் மயக்க மருத்துவர், நர்ஸ், பிசியோ (நடக்கப் பயிற்சி தருபவர்) என்று ஆளுக்கொரு நாள் வரச் சொல்கிறார்கள். லீவு போட்டே ஓய்ந்துவிட்டேன். போன இடமெல்லாம் அதே கேள்விகள். இவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்களா?
– ஈசூன் வாசகி

பதில்: பேசிக்கொள்வார்கள். ஆனால் கணினியில் ஏறாத சங்கதி உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறதே! அறுவை அரங்கில் நான் நர்ஸாக இருந்தபோது, "வேறு மருந்தே கிடையாது" என்று சாதித்த ஒரு பாட்டி, கடைசியில் கைப்பையிலிருந்து பூண்டு மாத்திரை டப்பாவை எடுத்தார். ரத்தம் உறைவதை அது தாமதப்படுத்தலாம். தேக்கா சந்தையில் வாங்கிய மருந்து, ஊரிலிருந்து வந்தது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மயக்க மருத்துவர் முன் கொட்டுங்கள்.

சர்க்கரை மாத்திரையின் பெயரையும் பாருங்கள். எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் என்றிருந்தால் பொதுவாக அறுவைக்கு 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால், சர்க்கரை அளவு சரியாகக் காட்டினாலும் ரத்தத்தில் கீட்டோன் என்ற, கொழுப்பு எரிவதால் உண்டாகும் அமிலம் ஏறிவிடக்கூடும். மாத்திரை கொடுத்தது பாலிகிளினிக், மூட்டைப் பார்ப்பது எலும்பு மருத்துவர். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் மயக்க மருத்துவர். அவர் சொல்லாமல் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

அறுவையன்று காலை தே (தேநீர்) குடிக்கலாமா என்று அம்மா நிச்சயம் கேட்பார். பால் கலந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு. 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். பால் கலக்காத தே ஓ என்றால் பொதுவாக 2 மணி நேரம் போதும். ஆனாலும் உங்கள் மருத்துவமனை தரும் தாளில் இருப்பதுதான் சட்டம்.

"எந்தக் கால்?" என்று ஆளாளுக்குக் கேட்டால் அலுத்துக்கொள்ள வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல்படி மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், அரங்கை விட்டு வெளியேறும் முன் என்று மூன்று தடவை குழுவே நின்று சரிபார்க்கும். காலில் பேனாவால் அடையாளமும் போடுவார்கள். அதை அழித்துவிடாதீர்கள்.

அப்புறம் பிசியோ. பெரும்பாலும் அறுவையன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க விடுவார்கள். வீட்டில் கழிவறை எவ்வளவு உயரம், லிஃப்ட் உங்கள் மாடியில் நிற்குமா என்று கேட்பது வீண் விசாரணை இல்லை. பணிப்பெண் இருந்தால் பிசியோவைப் பார்க்கும் நாளில் அவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் வேலைக்குப் போனபின் அம்மாவை நடக்க வைக்கப்போவது அவர்தானே?