நடிப்புக்கு எதுக்கு டிகிரி? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல நாடகமும் நடிப்பும் யுனிவர்சிட்டில ஒரு டிகிரியா படிக்கிறத பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதங்கள பாத்து எனக்கே ஆச்சரியம். எல்லாத்துக்கும் பக்கம் பத்தாது, நிறைய பேர் மனசுல இருக்குற கேள்விகள மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, ஸ்கூல் முடிக்கப் போறேன். நடிப்பு தான் படிக்கணும்னு இருக்கேன். வீட்ல "நடிப்பு வந்தா வரும், வரலன்னா வராது, அதப் போய் வருஷக்கணக்கா உக்காந்து யாராவது படிப்பாங்களா"ன்னு கேக்குறாங்க. நிஜமா இது சொல்லிக்குடுத்து வர்ற விஷயமா?

பதில்: வரும்மா. திறமை இருக்குற ஆளுக்குத்தான் படிப்பு இன்னும் அதிகமா வேணும்னு சொல்வேன் நான். ஸ்தானிஸ்லாவ்ஸ்கிய எடுத்துக்கோ, 1898ல நெமிரோவிச் டான்சென்கோவோட சேந்து மாஸ்கோ ஆர்ட் தியேட்டர ஆரம்பிச்சவரு, நடிகராவும் நல்ல பேரு வாங்கினவரு. 1906 கோடைல பின்லாந்துல ஓய்வெடுக்கப் போன இடத்துல தான் பண்ணின வேஷங்கள ஒவ்வொண்ணா நெனச்சுப் பாக்குறாரு, ஆரம்பத்துல உயிரோட இருந்த பார்வை, கையசைவு எல்லாம் திரும்பத் திரும்ப நடிச்சதுல வெறும் பழக்கமா ஆயி உள்ள ஒண்ணுமே மிஞ்சலன்னு அவருக்குப் புரியுது. ஒரு நாள் நல்லா வந்தது மறுநாளும் வரணும்னா என்ன பண்ணணும்னு அவரு தேட ஆரம்பிச்சாரு பாரு, இன்னிக்கு பல நாட்டு நடிப்பு வகுப்புல சொல்லிக்குடுக்குறதுக்கு அந்தத் தேடல் தான் அடிப்படை. அதனால வீட்ல கேட்டா இப்படிச் சொல்லு: ஒரு தடவ நல்லா நடிக்கிறதுக்கு திறமை போதும், அம்பதாவது ஷோலயும் நல்லா நடிக்கிறதுக்குத்தான் படிக்கப் போறேன்னு.

இன்னொண்ணு, முதல் வருஷம் போனதுமே பெரிய வேஷம் குடுத்துருவாங்கன்னு நெனைக்காத. உடம்பு, மூச்சு, குரல், எதிர்ல இருக்குற ஆள கவனிக்கிறது, இதுலயே மாசக்கணக்கா போகும். சான்ஃபோர்ட் மெய்ஸ்னர்னு ஒரு அமெரிக்க ஆசிரியர் உண்டாக்கின பயிற்சி ஒண்ணு நிறைய இடத்துல பண்றாங்க, ரெண்டு பேர் எதிர் எதிரா உக்காரணும், ஒருத்தர் மத்தவர்கிட்ட தன் கண்ணுக்குத் தெரியுறத ஒரே வரியில சொல்லணும், "நீ சிரிக்கிற"ன்னு, அவரு "நான் சிரிக்கிறேன்"னு திருப்பிச் சொல்லணும், அதையே மாத்தி மாத்தி சொல்லிக்கிட்டே போகணும். பாக்குறவங்களுக்கு என்னடா இதுன்னு இருக்கும். ஆனா கொஞ்ச நேரத்துல அந்த வார்த்தை முக்கியமில்லாம போயி, எதிராளி மூஞ்சியில வர்ற சின்ன மாத்தம் கூட உன் குரல மாத்த ஆரம்பிக்கும். அடுத்த டயலாக்க மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டே நிக்கிற பழக்கம் அதுல தான் உடையும். வீட்ல கண்ணாடி முன்னாடி பண்ணலாம், போன்ல வீடியோ எடுத்துப் பாக்கலாம், தப்பில்ல. ஆனா தினமும் உனக்கு எதிர்ல நிக்க ஒரு ஆளும், பக்கத்துல இருந்து பாத்துச் சொல்ல ஒரு டீச்சரும் வருஷக்கணக்கா கிடைக்கிறது அந்த டிகிரில தான், அதுக்காகவே போகலாம்.

கேள்வி: பி.ஏ. தியேட்டர்னு ஒண்ணு, பி.எஃப்.ஏ. (பேச்சலர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்) ஆக்டிங்னு ஒண்ணு. எதுல சேரலாம்?

பதில்: அது நீங்க யாருங்கறத பொறுத்தது. பி.எஃப்.ஏ.ல பொதுவா பெரும்பங்கு நேரம் பயிற்சி தான், காலைல உடம்பு, மதியம் குரல், சாயங்காலம் ரிகர்சல்னு ஓடும், பெரும்பாலும் ஆடிஷன் வச்சுத்தான் எடுப்பாங்க. பி.ஏ.ல நாடகத்தோட கூடவே இலக்கியம், வரலாறு, சைக்காலஜின்னு வேற பாடங்களும் எடுத்துக்கலாம், எழுதணும், இயக்கணும், பின்னாடி ஆராய்ச்சிக்குப் போகணும்னு எண்ணம் இருக்குறவங்களுக்கு இது தான் நல்லது. இந்தப் பிரிவு பழசு. இங்கிலாந்துல பிரிஸ்டல்ங்கற ஒரே ஊர்ல, 1946ல நடிகர்களுக்குப் பயிற்சி குடுக்க பிரிஸ்டல் ஓல்ட் விக் தியேட்டர் ஸ்கூல் வந்துச்சு, அடுத்த வருஷமே நாடகத்த ஒரு பாடமா படிக்க அங்க இருக்குற யுனிவர்சிட்டில டிராமா டிபார்ட்மெண்ட் வந்துச்சு, பிரிட்டன்லயே முதல் டிராமா டிபார்ட்மெண்ட் அது. ரெண்டும் வேற வேற தேவைன்னு அப்பவே புரிஞ்சிருக்கு.

டிகிரியோட பேரு நாட்டுக்கு நாடு மாறும், அத வச்சு முடிவு பண்ணாதீங்க. டைம்டேபிள கேட்டு வாங்குங்க, வாரத்துல எத்தன மணி நேரம் எந்திரிச்சு நின்னு வேலை செய்றீங்க, எத்தன மணி நேரம் உக்காந்து நோட்ஸ் எடுக்குறீங்கன்னு எண்ணிப் பாருங்க. குரலுக்கு தனி டீச்சர் இருக்காங்களா, வருஷத்துக்கு எத்தன நாடகம் மேடை ஏறுது, அதுல எல்லா ஸ்டூடண்டுக்கும் ஏதாவது ஒரு வேஷம் வருதா, இல்ல அதே நாலு பேரு தான் எல்லாத்துலயும் நடிக்கிறாங்களா, இத அங்க படிக்கிற பசங்ககிட்டயே கேளுங்க, வெளிப்படையா சொல்லுவாங்க. சில இடத்துல முதல் வருஷம் மேடையே ஏத்த மாட்டாங்க, அதப் பாத்து பயப்பட வேணாம், பழைய பழக்கம் விடுறதுக்கு முன்னாடி ஆடியன்ஸ் முன்னாடி நிறுத்தினா அந்தப் பழக்கமே கெட்டிப்பட்டுரும்னு தான் அப்படி வச்சிருக்காங்க.

கேள்வி: எனக்கு கூச்சம் ஜாஸ்தி, குரலும் சின்னது. சத்தமா பேசினா தொண்டை கட்டிக்குது. எனக்கு இந்தப் படிப்பு ஒத்து வருமா?

பதில்: அலெக்ஸாண்டர் டெக்னிக்னு ஒண்ணு பெரிய பெரிய நாடகப் பள்ளியில எல்லாம் பாடமா இருக்கு. அத உண்டாக்கின எஃப். எம். அலெக்ஸாண்டர் ஆஸ்திரேலியாவுல மேடையில வசனம் சொல்ற கலைஞர், அவருக்கும் உங்க பிரச்சனை தான், மேடையில பேசப் பேச குரல் போயிரும். டாக்டர் சொன்னபடி ஓய்வெடுத்தா சரியாகும், மறுபடி மேடை ஏறினா மறுபடி போயிரும். அப்படின்னா பேசும்போது நான் தான் ஏதோ தப்பு பண்றேன்னு கண்ணாடி முன்னாடி நின்னு தன்னையே கவனிச்சாரு. வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே தலைய பின்னாடி இழுத்து, தொண்டைய அமுக்கி, மூச்ச சத்தத்தோட உள்ள இழுக்குறது தெரிஞ்சுது. அத விடப் பழகினதும் குரல் திரும்ப வந்துச்சு.

குரல் சின்னதுன்னு நீங்க நெனைக்கிறது பல நேரம் மூச்சு மேல நெஞ்சுலயே நிக்கிறது தான், அத வகுப்புல சரி பண்ணலாம். தொண்டை கட்டுறது நாள்பட்டு இருந்தா மட்டும் முதல்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டிருங்க. கூச்சத்துக்கு லெகாக் வழின்னு ஒண்ணு இருக்கு, ஜாக் லெகாக் 1956ல பாரிஸ்ல ஆரம்பிச்ச ஸ்கூல்ல எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரு முகமூடிய போட்டுக்கிட்டு நடக்கச் சொல்லுவாரு, முகம் மறைஞ்சதும் உடம்பு பேச ஆரம்பிச்சுரும். கூச்சப்படுற பசங்க அதுல மலர்ந்து வர்றத நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன்.

கேள்வி: ஆடிஷனுக்கு ரெண்டு மோனோலாக் (ஒரே ஆள் தொடர்ந்து பேசுற வசனம்) கேக்குறாங்க. எதை எடுக்குறது, எப்படி தயார் பண்றது?

பதில்: வழக்கமா ஒண்ணு பழைய நாடகத்துலேந்து, ஒண்ணு இந்தக் காலத்து நாடகத்துலேந்து, ஒவ்வொண்ணும் ஒண்ணு ரெண்டு நிமிஷம், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மாறுபட்டு இருக்கணும். கத்தி அழுற சீன ரெண்டுக்கும் எடுத்துட்டு வர்றாங்க பாருங்க, அது வேணாம். உங்க வயசுக்கு பக்கத்துல இருக்குற கேரக்டரா பாருங்க, பேச ஆரம்பிக்கும்போது இருந்த மாதிரி முடிக்கும்போது இல்லாம ஏதோ ஒண்ணு மாறுற பகுதியா பாருங்க. நாடகம் முழுசையும் படிங்க, நெட்ல கிடைச்ச அந்த ஒரு பக்கத்த மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வர்றவங்கள ரெண்டு கேள்வியில கண்டுபிடிச்சுருவாங்க. யார்கிட்ட பேசுறேன், அவங்ககிட்டேந்து எனக்கு என்ன வேணும், இந்த ரெண்டுக்கும் பதில் இருந்தா மீதி தானா வரும்.

நீங்க பண்ணி முடிச்சதும் "இதையே வேற மாதிரி, ரகசியம் சொல்ற மாதிரி பண்ணுங்க"ன்னு சொன்னா, நிறைய பசங்க அங்க முகம் வாடிப் போயிருவாங்க, தப்பா பண்ணிட்டோம் போலன்னு. அது நல்ல அறிகுறிங்க. சொன்னா மாத்திக்க முடியுற ஆளான்னு பாக்கத்தான் அப்படிக் கேக்குறாங்க, ஏன்னா அடுத்த சில வருஷம் உங்களோட வேலை செய்யப் போறது அவங்க. அந்த இடத்துல சந்தோஷமா முயற்சி பண்ணுங்க, சரியா வரலன்னாலும் பரவாயில்ல.

கேள்வி: செகண்ட் இயர் படிக்கிறேன் அக்கா. அழுற சீனுக்காக எங்க வீட்ல நடந்த ஒரு சாவ நெனச்சுக்கிட்டு பண்ணச் சொன்னாங்க. பண்ணேன், எல்லாரும் கை தட்டுனாங்க, ஆனா அன்னிலேந்து ராத்திரி தூக்கமே இல்ல. இது தான் நடிப்பா? மாட்டேன்னு சொன்னா மார்க் போயிருமோன்னு பயமா இருக்கு.

பதில்: கண்ணு, முதல்ல அந்தப் பயிற்சிய நிறுத்து. உங்க காலேஜ்ல கவுன்சிலர் இருந்தா இந்த வாரமே போய்ப் பேசு, இல்லன்னா நீ நம்புற ஒரு பெரியவங்ககிட்ட சொல்லு, தூக்கம் போறது சின்ன விஷயமில்ல. மத்ததெல்லாம் அப்புறம்.

இதுக்கு பேரு உணர்வு நினைவு. ஸ்தானிஸ்லாவ்ஸ்கி ஆரம்பத்துல இத நிறைய சோதிச்சுப் பாத்தாரு, அமெரிக்காவுல 1931ல ஆரம்பிச்ச குரூப் தியேட்டர்ல லீ ஸ்ட்ராஸ்பெர்க் இதையே மையமா வச்சுக்கிட்டாரு. அதே குழுவுல இருந்த ஸ்டெல்லா ஆட்லருக்கு இது ஒத்துக்கல, நடிப்புல இருந்த சந்தோஷமே போச்சுன்னு தவிச்சவங்க, 1934ல பாரிஸ்ல ஸ்தானிஸ்லாவ்ஸ்கியவே நேர்ல பாத்து சில வாரம் அவர்கூட வேலை செஞ்சாங்க. திரும்பி வந்து குழுகிட்ட சொன்னாங்க, அவரே இப்ப கேரக்டரோட சூழ்நிலை, கற்பனை, செயல் இதுக்குத்தான் முக்கியத்துவம் குடுக்குறாருன்னு. அதுக்கப்புறம் ஸ்ட்ராஸ்பெர்க், ஆட்லர் ரெண்டு பேரோட வழியும் கடைசி வரைக்கும் தனித்தனி தான். இத எதுக்கு இவ்வளவு சொல்றேன்னா, உன் டீச்சர் சொன்னது ஒரு வழி, ஒரே வழி கிடையாது, பெரிய பெரிய நடிகர்களே அத வேணாம்னு சொல்லி வேற பக்கம் போயிருக்காங்க, நீ வேணாம்னு சொன்னா உனக்கு நடிப்பு வரலன்னு அர்த்தமாகாது.

வேற வழி எப்படின்னு கேட்டா, உன் வீட்டு சாவ விட்டுரு, அந்தக் கேரக்டர் வீட்டுக்குள்ள போ. அவ இப்ப கையில என்ன செய்யணும்? செத்துப்போனவரோட சட்டைய மடிச்சு வைக்கணும்னு வச்சுக்கோ. அழணும்னு நெனைக்காத, அத ஒழுங்கா மடிக்கணும்னு மட்டும் நெனை, காலர் நேரா வரணும், பையில ஏதோ இருக்கு, எடுக்கலாமா வேணாமா. அழுகைய அடக்கிக்கிட்டு ஒரு வேலைய முடிக்கப் பாக்குற ஆளப் பாத்தா தான் ஆடியன்ஸுக்கு தொண்டை அடைக்கும். கண்ணீர் உனக்கு வருதோ இல்லையோ, அவங்களுக்கு வரும். இதுல வசதி என்னன்னா சீன் முடிஞ்சதும் சட்டைய கீழ வச்சுட்டு நீ வெளிய வந்துரலாம். வெளிய வர்றதையும் பழகணும், ரிகர்சல் முடிஞ்சதும் கை கால உதறி, உன் பேர நீயே சொல்லி, பக்கத்துல இருக்குறவங்ககிட்ட நாடகம் இல்லாத வேற எதையாவது பேசிட்டு கிளம்பு, பல குழுவுல இத தினமும் பண்றாங்க.

டீச்சர்கிட்ட தனியா போய், "இந்த சீனுக்கு செயல் வழியா வேலை செஞ்சு காட்டுறேன், டைம் குடுங்க"ன்னு கேளு. நல்ல டீச்சர்னா சந்தோஷப்படுவாங்க. கேக்கலன்னா டிபார்ட்மெண்ட் ஹெட்கிட்ட எழுதிக் குடு. மாணவியோட சொந்த துக்கத்த மார்க்குக்காக எடுத்துக் காட்டச் சொல்ல எந்த வகுப்புக்கும் உரிமை இல்ல, இதுல நான் உறுதியா இருக்கேன்.

கேள்வி: நடிக்க வந்தா கிரேக்க நாடகம், தியரின்னு படிக்க வைக்கிறாங்க. இதெல்லாம் எதுக்கு?

பதில்: ஒரே ஒரு விஷயம் சொல்றேன். கிரேக்க நாடகத்துல முதல்ல கோரஸோட, அதாவது சேந்து பாடி ஆடுற குழுவோட, ஒரே ஒரு நடிகன் தான், நாடகம் எழுதின ஈஸ்கிலஸ் ரெண்டாவது நடிகன கொண்டு வந்தாரு, அவருக்கு அப்புறம் எழுதின சோஃபோக்ளிஸ் மூணாவது ஆள கொண்டு வந்தாருன்னு அரிஸ்டாட்டில் எழுதியிருக்காரு. ரெண்டு பேரு பேசிக்கிட்டா மோதல், மூணாவதா ஒருத்தர் நின்னு அதக் கேட்டுக்கிட்டிருந்தா அங்க ரகசியம், சந்தேகம், பயம் எல்லாம் வந்துருது. அடுத்த தடவ டயலாக் இல்லாம மேடையில நிக்கிற வேஷம் கிடைச்சா இத நெனச்சுப் பாருங்க, நின்ன இடத்துலேந்து என்ன பண்ணலாம்னு தெரியும். நாட்டிய சாஸ்திரம் அபிநயத்த உடம்பு, பேச்சு, வேஷம், உள்ளுணர்வுன்னு நாலா பிரிக்குதே, அதையும் பரீட்சைக்குப் படிச்சுட்டு மறந்துராதீங்க, ஒரு சீன் ஏன் ஒட்டலன்னு தேடும்போது இந்த நாலுல எது குறையுதுன்னு பாத்தாலே பாதி வேலை முடிஞ்சுரும்.

கேள்வி: பையன் சேந்துட்டான். முடிச்சா வேலை கிடைக்குமா? அப்பாவா கவலையா இருக்குங்க.

பதில்: கவலை நியாயம் தாங்க. நடிகருக்கு மாசச் சம்பளம் எந்த ஊர்லயும் சுலபமில்ல, ஒரு நாடகம் முடிஞ்சு அடுத்தது வர்ற வரைக்கும் இடைவெளி இருக்கும். அதனால நடிப்போட கூட இன்னொரு வேலைய கையோட கத்துக்கச் சொல்லுங்க, லைட்டிங், சவுண்ட், ஸ்டேஜ் மேனேஜ்மெண்ட், குரல் பயிற்சி, குழந்தைகளுக்கு நாடகம் சொல்லிக்குடுக்குறது, டப்பிங், இப்படி ஏதாவது ஒண்ணு. குறிப்பா ஸ்டேஜ் மேனேஜ்மெண்ட் தெரிஞ்ச ஆளுக்கு எல்லா குழுவுலயும் தேவை இருக்கு, ஏன்னா ரிகர்சல் நேரம் தொடங்கி ஷோ நடுவுல எந்த விளக்கு எப்ப மாறணும்ங்கற வரைக்கும் அந்த ஒருத்தர் கையில தான். பையன்கிட்ட இத நடிப்ப விடச் சொல்ற மாதிரி சொல்லாதீங்க, நடிப்புலயே நீடிச்சு இருக்கத்தான் இதுன்னு சொல்லுங்க. அவன் நாடகத்துக்கு ஒரு தடவ போய் உக்காந்து பாத்துட்டு வாங்க.

கேள்வி: எனக்கு முப்பத்தஞ்சு வயசாச்சு. இப்ப சேரலாமா?

பதில்: சேரலாம். பல இடத்துல வயசு வரம்பு இல்ல, ஏற்கனவே ஒரு டிகிரி இருந்தா நேரா முதுகலைக்கே விண்ணப்பிக்கலாம். ஸ்டூடண்ட் நாடகத்துல அம்மா, அப்பா, ராஜா, நீதிபதி எல்லாத்தையும் இருபது வயசு பசங்களே தலையில வெள்ளை பூசிக்கிட்டு நடிப்பாங்க, நீங்க போனா அந்த வேஷத்துக்கெல்லாம் நெஜமான ஒரு ஆளு கிடைச்ச மாதிரி. உடம்புப் பயிற்சி மட்டும் சேருறதுக்கு கொஞ்ச மாசம் முன்னாடியே மெதுவா ஆரம்பிச்சுருங்க, ஆடிஷனுக்கு உங்க வயசு கேரக்டரையே எடுங்க.