குறைந்த காசில் கேமிங் கணினி: பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து பதில்கள்

மலேசியாவுல சிலாங்கூர்ல இருக்கிற எங்க ஊருக்கு பெஸ்தாரி ஜெயான்னு பேர் மாறி எத்தனையோ வருஷமாச்சு, எங்க வாயில இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருது. டவுன்லயும் சுத்தி இருக்கிற செம்பனைத் தோட்டங்கள்லயும் பிள்ளைங்களுக்கு கம்ப்யூட்டர் செட் பண்ணிக் கொடுக்கிறேன். கோலாலம்பூர்ல ஏர்கோன் அறைக்குச் சொல்ற யோசனை, தகரக் கூரைக்கு அடியில, இடி விழுற ஊர்ல அப்படியே செல்லாது. அதை மனசுல வச்சுத்தான் பதில் சொல்றேன்.

அண்ணே, எஸ்பிஎம் (அஞ்சாம் படிவத் தேர்வு) முடிச்சிட்டு வேலை பார்த்து 2,200 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்திருக்கேன். மானிட்டர் இருக்கு. வெலரன்ட், டோட்டா 2, நடுவுல ஒண்ணு ரெண்டு பெரிய கேம். என்னென்ன வாங்கணும்? (ஈஜோக்)

உழைச்ச காசு தம்பி, அதனால விவரமாவே சொல்றேன். விலை வாரத்துக்கு வாரம் மாறும், பங்கா கணக்கு வச்சுக்கோ. பத்து வெள்ளியில நாலு வெள்ளி கிராபிக்ஸ் கார்டுக்கு, ரெண்டு வெள்ளி ப்ராசசருக்கு, ஒண்ணேகால் வெள்ளி பவர் சப்ளைக்கு. மீதியில மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கேசிங்.

ப்ராசசர் ரைசன் 5 5600. 2022-ல வந்தது, 6 கோர், 12 திரெட் (ஒரே நேரத்துல 12 வேலை பார்க்கும்), 65 வாட். கூலர் பெட்டியிலயே வரும், தனியா வாங்க வேண்டாம். கடையில "5500-ம் அதேதான்"னு சொன்னா தலையாட்டிடாதே. 5600-ல எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கிற வேகமான நினைவகம்) 32 எம்பி, 5500-ல அதுல பாதிதான். கேம் ஓடும்போது வித்தியாசம் தெரியும்.

ப்ராசசர் உட்கார்ற சாக்கெட்ல புது ரகமான ஏஎம்5 எடுக்கலாமேன்னு தோணும். நல்ல தளம்தான், ஆனா டிடிஆர்5 ரேம் மட்டும்தான் ஏத்துக்கும். 2025 கடைசியில ரேம் விலை ஏறின ஏத்தத்துல உன் காசு அங்கேயே கரைஞ்சிடும். 5600 உட்கார்ற ஏஎம்4-க்கு முந்தின ரக டிடிஆர்4 ரேம் போதும். பழைய கம்ப்யூட்டரைக் கழட்டுறவங்ககிட்ட கேட்டு வாங்கு. ரேம் லேசுல கெட்டுப்போகாது. 16 ஜிபியை ஒரே துண்டா வாங்காம 8 ஜிபி ரெண்டா வாங்கு, அப்பதான் டூயல் சேனல்ல, அதாவது ரெண்டு வழியா வேகமா ஓடும்.

கார்டு ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 132 வாட், 1080பி (ஃபுல் எச்டி) திரைக்கு நிறைவா இருக்கும். விலையைப் பார்த்து ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் சாய்ஞ்சிடாதே, அது 4 ஜிபி; கார்டும் மதர்போர்டும் பேசிக்கிற வழியான பிசிஐஇ லேனும் 4 மட்டும்தான்.

மதர்போர்டு பழைய பி450 (ஏஎம்4 ரகம்) கிடைச்சா, ரைசன் 5000-க்கான பயாஸ் (போர்டை எழுப்பி விடுற மென்பொருள்) ஏத்தியாச்சான்னு முதல்லயே கேளு. ஏத்தலைன்னா காத்தாடி சுத்தும், திரையில ஒண்ணும் வராது. ப்ராசசர் போச்சுன்னு நீ பதறிடுவே.

தம்பி, மகன் பவர் சப்ளைக்கு மட்டும் 250 வெள்ளி கேட்கிறான். கேசிங்கோடவே சும்மா ஒண்ணு வருதாமே, அது போதாதா? (புக்கிட் ரோத்தான்)

அக்கா, மகன் சொல்றதுதான் சரி. காசு பத்தலைன்னு ஒரு பையனுக்கு அப்படிக் கேசிங்கோட வந்த, பேர் தெரியாத பவர் சப்ளையை நானே மாட்டிக் கொடுத்தேன். மேல 500 வாட்னு ஒட்டியிருந்தது. நாலாவது மாசம் ஒரு சாயங்காலம் 'டப்'புன்னு சத்தம், கருவாடு கருகின மாதிரி வாடை. மதர்போர்டும் கார்டும் அதோடவே போயிடுச்சு. திறந்து பார்த்தேன்: மின்சாரத்தை வடிகட்டுற சுருள் இருக்க வேண்டிய இடத்துல வெறும் கம்பித் துண்டை ஈயம் வச்சு ஒட்டியிருந்தாங்க. அவங்கம்மா ஒரு வார்த்தை பேசாம அந்தப் பெட்டியையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. அன்னைலேர்ந்து எந்தப் பாகத்துல காசு குறைச்சாலும் இதுல குறைக்கிறதில்ல.

மகனுக்கு 550 வாட் தாராளம். 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்) முத்திரை இருக்கட்டும். ஆனா மின்சாரம் எவ்வளவு வீணாகுதுன்னு மட்டும்தான் அந்த முத்திரை சொல்லும், பாதுகாப்புக்கு அது சான்று இல்ல. அதனால வாரண்டி எத்தனை வருஷம்னு கேளுங்க. 5 வருஷம் தர்றதா இருந்தா நம்பி வாங்கலாம். கையில தூக்கியும் பாருங்க. டப்பா பெரிசா இருந்து கனம் இல்லைன்னா உள்ள சரக்கும் இல்ல.

எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) மழைன்னா இடிதான். சர்ஜ் புரொடெக்டர் (திடீர்னு ஏறுற மின்சாரத்தைத் தடுக்கிறது) வச்ச எக்ஸ்டென்ஷன் போதுமா, யூபிஎஸ் (பேட்டரிப் பெட்டி) வாங்கணுமா?

முதல்ல வீட்ல எர்த் இருக்கான்னு பாருங்க. எர்த் இல்லாத பிளக்ல எந்த சர்ஜ் புரொடெக்டரும் முழுசா வேலை செய்யாது. பழைய லயத்து வீடுகள்ல பிளக்குக்கு மூணு ஓட்டை இருக்கும், பின்னால எர்த் கம்பி இருக்காது. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டுச் சோதிச்சுடுங்க, நீங்களே திறக்காதீங்க. யூபிஎஸ் கரண்ட் போனா சேவ் பண்ண நேரம் கொடுக்கும். பக்கத்துல விழுற இடியை அதுவும் தாங்காது.

வானம் கறுத்தா பிளக்கைக் கழட்டுறதுதான் வழி. சுவிட்சை அணைச்சா மட்டும் பத்தாது. மோடத்துல இருந்து வர்ற லேன் (இன்டர்நெட்) வயரையும் உருவிடுங்க. நிறைய பேர் இதைத்தான் மறக்கிறாங்க, இடி அது வழியாவும் மதர்போர்டுக்குள்ள வருது.

அண்ணா, ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின ஐ5 6-ஆம் தலைமுறை கம்ப்யூட்டர் மலிவா கிடைக்குது. கார்டு போட்டா கேமிங் ஆகிடுமா?

தங்கச்சி, ரெண்டு விஷயம் இடிக்குது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 இன்டெல்ல 8-ஆம் தலைமுறையில இருந்துதான் முறைப்படி ஏத்துக்கும். வெலரன்ட்டும் விண்டோஸ் 11-ல டிபிஎம் 2.0, செக்யூர் பூட்னு ரெண்டு பாதுகாப்பு வசதியும் கேட்கும். இன்னொண்ணு, அந்தக் கம்பெனிப் பெட்டிகள்ல பவர் சப்ளை அவங்க சொந்த அளவு, கார்டுக்கான தனி வயர் பெரும்பாலும் இருக்காது. அதனால மதர்போர்டுல கார்டு குத்துற ஸ்லாட்டே கொடுக்கிற 75 வாட்டுக்குள்ள ஓடுற கார்டுதான் போட முடியும். 8-ஆம் தலைமுறை கிடைச்சா, தனி வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 ஒண்ணு பார்த்துப் போடு. 6-ஆம் தலைமுறை வேண்டாம்.

இப்ப 1,200 வெள்ளிதான். கார்டை தீபாவளிக்கு வாங்கிக்கிறேன். அதுவரைக்கும்?

ரைசன் 5 5600ஜி. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு, வெலரன்ட் ஓடும். இதுக்கு ரேம் ரெண்டு துண்டா இருந்தே ஆகணும், கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு போட்டுக்குது. நல்ல பவர் சப்ளையை இப்பவே வாங்கிடு.

ஆர்ஜிபி லைட் கேசிங் நல்லாருக்குமா?

முன்பக்கம் கண்ணாடி மூடினது வேண்டாம், வலை போட்டது எடு. மத்தியானம் தகரத்துக்கு அடியில உட்கார்ந்தா நமக்கே மூச்சு முட்டும், கம்ப்யூட்டருக்கும் காத்து வேணும். முன்னால ரெண்டு காத்தாடி உள்ளே இழுக்கட்டும், பின்னால ஒண்ணு வெளியே தள்ளட்டும். தரையில வைக்காதே, மேசை மேல வச்சு மாசம் ஒரு தடவை வலையைத் தட்டு. லைட்டுக்குக் காசு மிஞ்சினா போட்டுக்கோ.

144 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 144 தடவை படம் மாறுற) மானிட்டர் வாங்கினேன், வித்தியாசமே தெரியல. ஏமாத்திட்டாங்களா?

இல்ல தம்பி. மானிட்டர் வயரை மதர்போர்டுல குத்தியிருக்கியா பாரு, அதைக் கழட்டிக் கார்டுல குத்து. அப்புறம் விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ல 60-ன்னு இருக்கிறதை 144-க்கு மாத்து.

பழைய கார்டு வாங்கப் போறேன். எப்படிச் சோதிக்கிறது?

விக்கிறவர் வீட்டுக்கே போ, கம்ப்யூட்டர்ல மாட்டி அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டச் சொல்லு. திரையில கோடு, புள்ளி வந்தா எழுந்து வந்துடு. ஆர்எக்ஸ் 580-ன்னா 2048எஸ்பி ரகமான்னு பாரு, அது ஒரு படி கீழ. காத்தாடியை விரலால மெதுவா சுத்திப் பார்த்துட்டு, எல்லாம் சரியா இருந்தா மட்டும் காசைக் கொடு.