ஒரு பாடத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிறதா?

டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறீர்கள், அரசியலமைப்பில் ஒரு பாடம் முடிக்க மூன்று மணி நேரம் ஆகிறது, மறுநாள் பாதி மறந்துவிடுகிறது, வேக வாசிப்பு வகுப்பில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். கண் தாவித் தாவித்தான் படிக்கும். ஒவ்வோர் இடத்திலும் சுமார் கால் நொடி நிற்கும். அங்கே தெளிவாகத் தெரிவது சில எழுத்துகள்தான். ஒரே பார்வையில் முழுப் பத்தியையும் படிக்கலாம் என்று அந்த வகுப்புகளில் சொல்வதெல்லாம் நடக்காது. படிக்கும்போது சொற்கள் மனதுக்குள் ஒலிப்பதையும் வலிந்து நிறுத்தாதீர்கள், புரிதல் அடிவாங்கும்.

உங்கள் நேரத்தை விழுங்குவது, எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் முதல் வரியிலிருந்து ஒரே வேகத்தில் போவது. முதலில் உள்தலைப்புகளையும் பழைய வினாத்தாள்களையும் பாருங்கள். சொத்துரிமை பற்றி ஒரு கேள்வியைப் பார்த்துவிட்டு அடிப்படை உரிமைகள் பாடத்தைத் திறந்தால், அதை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கிய 1978-ன் 44-வது திருத்தம், அது இப்போது இருக்கும் விதி 300ஏ என்று கண் தானாக அங்கே போய் நிற்கும். அங்கே நிதானமாகப் படியுங்கள். தெரிந்த முன்னுரைப் பத்திகளைச் சட்டென்று கடந்துவிடலாம்.

அப்புறம் மறதி. ஓர் உள்தலைப்பு முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதைத் தாளில் எழுதிப் பாருங்கள். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. உங்கள் தேர்வும் ஐந்து நிமிடத்தில் வரப்போவதில்லையே.

இந்த வாரம் ஒரே ஒரு பாடத்தில் செய்து பாருங்கள். எங்கே தடுக்கிறது என்று எழுதினால், அந்தப் பகுதியை எடுத்துப் பேசலாம்.