டெல்லி டீக்கடைப் படம்: மெட்ரோ தூணைப் பாருங்கள்

டெல்லி டீக்கடையில் அப்பா இருக்கும் படம் எந்த இடத்தில் எடுத்தது, கோப்பில் இருப்பிடத் தகவலும் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். அவருக்குப் பின்னால் மெட்ரோ தூண் தெரிகிறது என்கிறீர்களே, அதைப் பெரிதாக்குங்கள். டெல்லியில் தூணுக்குத் தூண் எண் உண்டு; கடை முகவரியே ‘412-ஆம் தூணுக்கு எதிரில்’ என்கிற மாதிரிதான் சொல்வார்கள்.

இருப்பிடத் தகவலை அழித்தது வாட்ஸ்அப்பாகத்தான் இருக்கும். அண்ணனிடம் அசல் படம் இருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்; அப்போது தகவல் அழியாது.

எண் மங்கலா? சரி, நிழலைப் பிடியுங்கள். சென்னையில் மே மாத உச்சிவெயிலில் நிழல் தெற்கே விழும். டெல்லியில் வருஷம் முழுக்க வடக்கேதான். உங்கள் படம் மதியம் எடுத்தது, ஆகவே நிழல் விழும் பக்கம் வடக்கு; அதை வைத்துச் சாலை ஓடும் திசை கிடைத்துவிடும். அப்புறம் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் தூண் தூணாக நடக்க வேண்டியதுதான். கண் வலிக்கும்.

ஒன்று, அதே எண் வேறு வழித்தடத்திலும் இருக்கலாம். கடைப் பலகையில் ஏரியா பெயர் தெரிகிறதா பாருங்கள்.