தொட்ட காய், விட்ட காய்: கேள்வி பதில்

டெல்டா மாவட்டங்களில் நடக்கும் பள்ளி, மன்றப் போட்டிகளில் நடுவராக இருந்து வருகிறேன். நகர்த்திய காயைத் திரும்ப எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சதுரங்கத்தில் விதி என்று நான் சொல்வது உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளை.

மன்னார்குடியிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு ஒன்பது வயது. போட்டியில் எதிரே ஆடிய சிறுமி ராணியைத் தவறான கட்டத்தில் வைத்துவிட்டு, திரும்ப எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். இவன் முடியாது என்றான். அவள் அழுதுவிட்டாள். வெளியே மற்றப் பெற்றோர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். என் மகன் செய்தது சரியா?

முழுக்கச் சரி. அவனிடம் இன்றே அதைச் சொல்லுங்கள். இரண்டு நாள் போனால் தான் ஏதோ கொடுமை செய்துவிட்டதாக அவனே நம்பத் தொடங்கிவிடுவான்.

இந்த விஷயத்தில் தவறு மறுப்பவரிடம் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது. பந்தியில் பத்துப் பேர் முன்னிலையில் கைமாற்றுக் கேட்பது போன்றது அது. கொடுத்தால் நஷ்டம், கொடுக்காவிட்டால் கெட்ட பெயர். பிழையைச் செய்தவர் ஒருவர், அதன் பாரத்தைச் சுமப்பவர் இன்னொருவர் என்று ஆகிவிடுகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை மேல் அதை ஏற்றக் கூடாது. அந்தச் சிறுமியைக் குறை சொல்ல மாட்டேன்; கேட்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. போட்டியில் உங்கள் மகனின் புள்ளி அவனுக்கு மட்டும் உரியதல்ல. அதே புள்ளியில் நிற்கும் மற்றப் பிள்ளைகளின் இடமும் அடுத்த சுற்றில் யாரோடு யார் மோதுவது என்பதும் அதைப் பொறுத்தவை. அவன் இரக்கப்பட்டுக் கொடுத்திருந்தால், அந்த அறையில் இருந்த வேறொரு குழந்தை அதற்கு விலை கொடுத்திருக்கும். இரக்கத்தை ஆட்டம் முடிந்த பிறகு காட்டலாம். பக்கத்தில் உட்கார்ந்து, ராணி எங்கே போயிருக்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்து பார்க்கட்டும்.

கும்பகோணம், கல்லூரி மாணவர்: தொட்டாலே நகர்த்த வேண்டுமா, கையை எடுத்தால்தான் முடிவா? எங்கள் விடுதியில் ஆளுக்கொரு விதி சொல்கிறார்கள்.

இரண்டும் உண்மை, ஆனால் அவை வேறு வேறு நிலைகள். உங்கள் முறையில், நகர்த்தும் எண்ணத்தோடு உங்கள் காயைத் தொட்டால் அந்தக் காயைத்தான் நகர்த்த வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடியுமானால் வெட்ட வேண்டும். எந்தக் கட்டத்துக்கு என்பது மட்டும் காயை விடும்வரை உங்கள் விருப்பம். விட்டுவிட்டால், நகர்த்தல் விதிப்படி செல்லுமானால், அது முடிந்தது. கடிகாரத்தை அழுத்தும்வரை மாற்றலாம் என்று பலரும் நினைக்கிறார்கள், அது தவறு.

சட்டைக் கை பட்டுக் காய் சரிந்தால் அது தொடுதல் ஆகாது. காயைக் கட்டத்தின் நடுவில் சரியாக வைக்க விரும்பினால், உங்கள் முறையில், சரிசெய்கிறேன் என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு தொடுங்கள். வரிசை முக்கியம். உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி 2016-இல் மாஸ்கோவில் நடந்தது. அதில் அரோனியனுக்கு எதிராக நகாமுரா ராஜாவைத் தொட்டுவிட்டு, பிறகு சரிசெய்ததாகச் சொல்லிப் பார்த்தார். அரோனியன் ஏற்கவில்லை. ராஜாவையே நகர்த்த வேண்டியதாயிற்று, ஆட்டம் தோற்றது.

ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்திக் கோட்டை கட்டும்போது ராஜாவை முதலில் தொடுங்கள். யானையை முதலில் தொட்டால் அந்தப் பக்கம் கோட்டை கட்ட முடியாது. நம் பகுதியில் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான்.

மயிலாடுதுறை வாசகர்: விஸ்வநாதன் ஆனந்த் 1969-இல் பிறந்த ஊரிலிருந்து கேட்கிறேன். இந்தப் பிரச்சினையெல்லாம் சிறுவர்களுக்குத்தானே? உலகத் தரத்தில் ஆடுபவர்கள் காயைத் திரும்ப எடுப்பார்களா?

எடுத்திருக்கிறார்கள். இரண்டு நிகழ்ச்சிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1994-இல் ஸ்பெயினின் லினாரெஸ் நகரில் உலக சாம்பியன் காஸ்பரோவ், 17 வயது ஜூடிட் போல்காருடன் ஆடினார். குதிரையை ஒரு கட்டத்தில் வைத்தார். பிழை தெரிந்ததும் வேறு கட்டத்துக்கு மாற்றினார். கால் நொடி அளவுக்கு விரல் காயைவிட்டு விலகியிருந்தது ஒளிப்பதிவில் பிறகு தெரிந்தது. போல்கார் அங்கேயே முறையிடவில்லை. நடுவரும் தலையிடவில்லை. காஸ்பரோவ் வென்றார்.

2003-இல் துருக்கியில் நடந்த ஐரோப்பிய சாம்பியன் போட்டியில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. ஜார்ஜியாவின் அஸ்மைபராஷ்விலி யானைக்கு யானை வெட்டி மாற்றிவிட்டுப் பிறகு மந்திரியை நகர்த்த நினைத்திருந்தார். அவசரத்தில் மந்திரியை முதலில் நகர்த்திவிட்டார். உடனே அதைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு யானையை எடுத்தார். எதிரே இருந்த மலகோவ் திகைத்துப் போய் விட்டுவிட்டார். அந்த ஆட்டத்தையும் சாம்பியன் பட்டத்தையும் அஸ்மைபராஷ்விலி வென்றார். மலகோவுக்கு இரண்டாம் இடம்.

இரண்டிலும் பிழை செய்தவர் நொடியில் முடிவெடுத்தார். பிழை செய்யாதவரோ சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார். உலக சாம்பியன் எதிரே இருக்கும்போது பதினேழு வயதுப் பெண் கையை உயர்த்துவது எளிதல்ல. அவர் பேசாமல் இருந்ததைப் பெருந்தன்மை என்று சிலர் சொல்வார்கள். என் கணக்கில் அவர் வேறு வழியில்லாத இடத்துக்குத் தள்ளப்பட்டார். தள்ளியவர் செய்தது விளையாட்டு நெறி ஆகாது, அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும்.

திருவையாறு, பதினொன்றாம் வகுப்பு மாணவி: எங்கள் மன்றத்தில் ஒரு மாமா இருக்கிறார். அப்பாவின் நண்பர். மன்றப் போட்டிகளில்கூட, "இரும்மா, இதைப் பார்க்கவில்லை" என்று சொல்லிக் காயைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். மறுத்தால் மரியாதை இல்லாத பெண் என்று பேர் வரும். என்ன செய்வது?

இத்தனை கேள்விகளில் என்னை அதிகம் வருத்தியது உன்னுடையதுதான், அம்மா. போல்காருக்கு நேர்ந்தது உனக்கு வாரந்தோறும் நேர்கிறது.

நம் பக்கத்தில் பெரியவர்களை எதிர்த்துப் பேசாமல் வளர்க்கிறார்கள். அது நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த வழக்கத்தைப் பலகையின் மேல் பயன்படுத்திக்கொள்ளும் பெரியவர் மரியாதையை வாங்கவில்லை, பறிக்கிறார். நீ அவருக்குத் தர வேண்டிய மரியாதை எழுந்து வணக்கம் சொல்வது, நாற்காலியை நகர்த்திப் போடுவது, தோற்றாலும் வென்றாலும் கை கொடுப்பது. உன் புள்ளி அதில் சேராது.

நீடாமங்கலம் பக்கத்தில் திருப்பூவனூர் கோயிலுக்குப் போயிருக்கிறாயா? அங்கே இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். சதுரங்கத்தில் தன் மகளை வெல்பவருக்கே அவளை மணம் செய்து தருவதாக அரசன் அறிவிக்க, அடையாளம் தெரியாத ஒருவராக வந்து இறைவன் ஆடி வென்றார் என்பது தலவரலாறு. வந்தவர் யார், வயது என்ன, என்ன குலம் என்று பார்த்து ஆட்டத்தைத் தளர்த்தியிருந்தால் அந்தக் கதையே இல்லை. நேராக ஆடியதால்தான் அந்த வெற்றிக்குப் பொருள் இருக்கிறது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவரிடம் நேராக மோத வேண்டாம். ஆட்டம் தொடங்குவதற்கு முன், காய் எதுவும் நகராதபோது, "மாமா, இன்றைக்குத் தொட்ட காய் விதியோடு ஆடலாம், எனக்கு மாவட்டப் போட்டிக்குப் பழக்கம் வேண்டும்" என்று சொல். யாரும் பிழை செய்யாத நேரத்தில் சொன்னால் அது குற்றச்சாட்டாக விழாது. அதன் பிறகும் எடுத்தால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, மன்றப் பொறுப்பாளரைக் கூப்பிடு. மாமாவுக்குப் பதில் சொல்லும் வேலை பொறுப்பாளருடையது, உன்னுடையதல்ல. அப்பாவிடமும் முன்கூட்டியே சொல்லிவை.

இதைப் படிக்கும் பெரியவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பாபநாசத்திலிருந்து ஒரு தந்தை: எதிராளி காயை வைத்து, கையை எடுத்து, மறுபடி மாற்றினான். என் மகள் கவனித்தும் தன் ஆட்டத்தை ஆடிவிட்டாள். பிறகு நடுவரிடம் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. ஒருதலைப்பட்சம்தானே?

இல்லை, நடுவர் விதிப்படி நடந்திருக்கிறார். முறையிட நினைப்பவர் தன் அடுத்த காயைத் தொடுவதற்கு முன் முறையிட வேண்டும். நகர்த்தும் எண்ணத்தோடு காயைத் தொட்ட நொடியில் அந்த உரிமை போய்விடுகிறது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரை அழைக்கப் பழக்குங்கள். எதிராளியோடு வாதிடவும் வேண்டாம்.

நாகப்பட்டினம்: என் தம்பி செக் இருப்பதைப் பார்க்காமல் வேறு காயை நகர்த்திக் கடிகாரத்தையும் அழுத்திவிட்டான். நடுவரே அதைத் திரும்ப எடுக்க வைத்தார். இது மட்டும் எப்படிச் சரி?

விதிக்குப் புறம்பான நகர்த்தல் நிற்காது. ஆகவே பழைய நிலைக்குப் போக வேண்டும். சலுகை என்று எண்ண வேண்டாம். எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், பிளிட்ஸ் என்னும் மிக வேகமான ஆட்டத்தில் 1 நிமிடம். தொட்ட காய் விதியும் அப்படியே இருக்கிறது: அவன் தொட்ட காயால் செக்கை மறைக்க முடியுமானால் அதைத்தான் ஆட வேண்டும். அதே ஆட்டத்தில் இரண்டாம் முறை செய்தால் பொதுவாகத் தோல்வி.

தஞ்சாவூர், ஐ.டி. ஊழியர்: கைபேசியில் ஆடும்போது விரல் வழுக்கிவிடுகிறது. செயலியிலேயே திரும்பப் பெறக் கேட்கும் வசதி இருக்கிறதே, பயன்படுத்தலாமா?

நண்பரோடு பொழுதுபோக்காக ஆடினால் தாராளமாக. தரப்புள்ளிக்காக ஆடும்போது கேட்காதீர்கள்.

ஆனால் எதிராளிக்கு விரல் வழுக்கியது உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது, அதனால் வரும் வெற்றி உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால்? 2020-இல் இணையவழிப் போட்டி ஒன்றில் சீன வீரர் டிங் லிரனின் இணைப்பு துண்டித்து அவர் ஓர் ஆட்டத்தை இழந்தார். அடுத்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவரோடு ஆடிய, அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சன் வேண்டுமென்றே ராணியை விட்டுக்கொடுத்துத் தோல்வியை ஏற்றுக் கணக்கைச் சமன் செய்தார். டிங் கேட்கவில்லை. அது இருவர் மட்டுமே மோதிய சுற்று, ஆகவே மூன்றாம் ஆளுக்கு நஷ்டமும் இல்லை. இந்த இரண்டும் பொருந்தும் இடத்தில் விட்டுக்கொடுப்பது அழகு.

பட்டுக்கோட்டை, பயிற்சியாளர்: புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் திரும்ப எடுக்க அனுமதிக்கிறேன். கெட்ட பழக்கம் ஆகிவிடுமா?

முதல் சில வாரங்களுக்குப் பரவாயில்லை. அதன்பின் நிறுத்துங்கள். பிழையோடு ஆட்டத்தை முடிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்த இடத்துக்குத் திரும்பி வேறு நகர்த்தலை ஆடிப் பார்க்கட்டும். ஒரு குதிரை குறைவாக வைத்துக்கொண்டு போராடுவதும் கற்க வேண்டிய பாடமே. நடுவில் திருத்திக்கொண்டே போகும் பிள்ளைக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை.

சீர்காழி, எட்டாம் வகுப்பு மாணவன்: தவறாக வைத்துவிட்டால் உடனே முகம் மாறிவிடுகிறது. எதிராளி கண்டுபிடித்துவிடுகிறான்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம். சமனாக முடிய வேண்டிய நிலையில், அப்போது சாம்பியனாக இருந்த டிங் தன் 55-ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகளும் மந்திரிகளும் ஒன்றையொன்று வெட்டி வெளியேறிவிட்டால், ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் முடிவாட்டத்தில் குகேஷுக்கு வெற்றி. பட்டமே போகிறது என்று டிங்குக்குத் தெரிந்தது. அவர் காயின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. ஆடினார், கை கொடுத்தார். குகேஷ் கண்ணீரோடு உட்கார்ந்து, காய்களையெல்லாம் தொடக்க நிலையில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்தார். அந்த ஒளிப்பதிவை நீ பார்க்க வேண்டும், இரண்டு பேரையும்.

முகம் மாறுவது பாவமில்லை, தம்பி. நகர்த்தியதும் பலகையைப் பார்க்காமல் நகர்த்தலைத் தாளில் எழுதத் தொடங்கு. குனிந்திருக்கும் முகத்தை யாரும் படிக்க முடியாது.

திருத்துறைப்பூண்டி: கேரமில் ஸ்ட்ரைக்கரை எடுக்கும்போது என் விரல் பட்டு எதிராளியின் காய் நகர்ந்துவிட்டது. அவர் பார்க்கவில்லை.

உடனே சொல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்வியே இல்லை.

வலங்கைமான் அருகே ஒரு கிராமத்து இளைஞர் மன்றம்: பொங்கலுக்குச் சதுரங்கம், கேரம், தாயம் போட்டிகள் நடத்துகிறோம். சென்ற ஆண்டு மூன்றிலும் சண்டை. முதலில் என்ன அறிவிக்க வேண்டும்?

சதுரங்கத்துக்கு: தொட்ட காயை நகர்த்த வேண்டும், திரும்ப எடுக்கக் கேட்கவும் கூடாது. "கேட்கவும் கூடாது" என்பதை ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொல்லுங்கள். பாதிச் சண்டை அதிலேயே அடங்கும். கேரமுக்கு: ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் ஒரு காய் வெளியே வர வேண்டும், சிவப்புக் காய்க்குக் கவர் விழ வேண்டும். கட்டை விரலால் அடிக்கலாமா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். தாயத்தில் சண்டை வருவது கட்டையால்தான். கட்டம் போட்ட இடத்துக்கு வெளியே உருண்டால் மறுபடி போடுவதா, விழுந்த எண்ணே செல்லுமா என்று சுண்ணாம்பால் கோடு போட்டே சொல்லிவிடுங்கள். பார்வையாளர்களை இரண்டடி தள்ளி உட்கார வையுங்கள்.